சட்டவிரோதக் கருக்கலைப்பும் சட்டமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தியாவில் கருக்கலைப்பு குற்றமா, இல்லையா?

தண்டனைச் சட்டத்தின்படி குற்றம்தான். 1971-ல் வந்த மருத்துவ முறைக் கருக்கலைப்புச் சட்டம் (எம்.டி.பி. சட்டம்) அந்தக் குற்றத்துக்கு ஒரு விலக்கு தருகிறது. தகுதியுள்ள மருத்துவர், அங்கீகாரம் பெற்ற இடத்தில், சட்டம் சொன்ன காரணத்துக்காக, குறித்த வாரங்களுக்குள் செய்தால் அது குற்றமாகாது. இவற்றில் ஒன்று தவறினாலும் பழைய தண்டனைப் பிரிவு திரும்பி வந்துவிடும். இந்திய தண்டனைச் சட்டத்தில் 312 முதல் 316 வரை இருந்த பிரிவுகள், 2024 ஜூலை 1 முதல், அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 88 முதல் 92 வரையிலான பிரிவுகளாக இருக்கின்றன. எண்தான் மாறியது, சாரம் மாறவில்லை.

இதைக் குற்றமாக்கியது யார்?

ஆங்கிலேயர். இங்கிலாந்தில் 1803-ல் வந்த எல்லன்பரோ பிரபு சட்டம், வயிற்றில் குழந்தை அசையத் தொடங்கிய பிறகு கருவைக் கலைத்தால் மரண தண்டனை என்றது. அசைவதற்கு முன் என்றால் தண்டனை குறைவு. 1837-ல் மரண தண்டனையும் போனது, அசைவுக்கு முன், பின் என்ற வேறுபாடும் போனது. 1861-ன் சட்டம் ஆயுள் தண்டனை வரை விதித்தது.

இந்தியாவுக்கான சட்ட வரைவை மெக்காலே குழு 1837-ல் தந்தது. அது சட்டமானது 1860-ல், நடைமுறைக்கு வந்தது 1862 ஜனவரி 1-ல். இங்கிலாந்து கைவிட்ட 'அசைவு' என்ற அளவுகோல் இங்கே தங்கிவிட்டது. 312-வது பிரிவின்படி கருவைக் கலைத்தால் 3 ஆண்டு வரை சிறை. குழந்தை அசையத் தொடங்கியிருந்தால் 7 ஆண்டு வரை. பெண்ணின் உயிரைக் காப்பாற்ற நல்லெண்ணத்துடன் செய்தது மட்டுமே விலக்கு. தனக்குத் தானே கலைத்துக்கொள்ளும் பெண்ணும் குற்றவாளி என்று அந்தப் பிரிவின் விளக்கம் தனியாகச் சொல்கிறது. பெண்ணின் சம்மதம் இல்லாமல் செய்தால் 313: 10 ஆண்டு வரை, அல்லது ஆயுள்.

அந்தக் காலத்தில் யாரிடம் போனார்கள்?

பிரசவம் பார்த்த மருத்துவச்சியிடம்தான் பெரும்பாலும். நகரங்களில் கம்பவுண்டர், நர்ஸ், பட்டமில்லாத 'டாக்டர்'. பணம் இருந்தவர்களுக்குப் பட்டம் பெற்ற மருத்துவரே இரவில் கதவைத் திறந்ததும் உண்டு.

போனவர்களில் இளம் விதவைகளை மறக்கக் கூடாது. பத்து வயதில் தாலி கட்டி பன்னிரண்டில் அறுத்த பெண், இருபதில் கருவுற்றால் அவளுக்கு வேறு வழியே இருக்கவில்லை. 1856-ல் விதவை மறுமணச் சட்டம் வந்தும் ஊர் ஏற்கவில்லை. 1863-ல் புனேயில் ஜோதிராவ் புலேயும் சாவித்திரிபாயும் இப்படிப்பட்ட விதவைகள் மறைவாக வந்து பிள்ளை பெற்றுப் போக ஒரு இல்லம் திறந்தார்கள். அங்கே ஒரு விதவைக்குப் பிறந்த யஷ்வந்தைத்தான் அவர்கள் தத்தெடுத்து வளர்த்தார்கள். கலைப்பவரைத் தண்டித்தது சட்டம். அவரிடம் போக வேண்டிய நிலையை மாற்றப் பார்த்தது அந்த இல்லம்.

எருக்கங்குச்சி வைத்தால் செத்துப்போவார்கள் என்கிறார்களே, உள்ளே என்னதான் நடக்கிறது?

எருக்கங்குச்சி, சைக்கிள் கம்பி, பின்னல் ஊசி என்று ஊருக்கு ஊர் பொருள் மாறுமே தவிர, கேடு ஒன்றுதான். நான்கு வழிகளில் உயிர் போகும்.

முதலாவது, ஓட்டை. கர்ப்பத்தில் கருப்பையின் சுவர் மிருதுவாகிவிடும். கருப்பை முன்பக்கம் சாய்ந்திருக்கிறதா, பின்பக்கமா என்பது பெண்ணுக்குப் பெண் மாறும். உள்ளே கைவைத்துப் பரிசோதிக்காமல் நேராகச் செலுத்தும் குச்சி, வளைவு இருக்கும் இடத்தில் சுவரைத் துளைத்துக்கொண்டு வயிற்றுக்குள் போகும். குடலும் கிழியலாம். அன்றைக்கு வெறும் வலிதான் இருக்கும். இரண்டு மூன்று நாளில் வயிறு பலகைபோல் இறுகும்.

இரண்டாவது, சீழும் நச்சும். கரு முழுதாக வெளியேறாமல் துண்டு தங்கிவிட்டால், அது கிருமிக்கு விருந்து. காய்ச்சல், நடுக்கம், நாற்றமுள்ள கசிவு, பிறகு ரத்தம் முழுக்க நச்சேறி, ரத்த அழுத்தம் விழுந்து, சிறுநீர் நின்றுபோகும். மண்ணும் சாணமும் பட்ட பொருளில் தனுர்வாதக் கிருமியும் சேர்ந்து வரும்.

மூன்றாவது, ரத்தப்போக்கு. தங்கிய துண்டு இருக்கும்வரை கருப்பை சுருங்காது, சுருங்காதவரை ரத்தக் குழாய்கள் மூடாது.

நான்காவது, காற்று. மேல்நாடுகளில் சோப்புத் தண்ணீரைப் பீச்சாங்குழலால் உள்ளே அடிக்கும் வழக்கம் இருந்தது. காற்றுக்குமிழி ரத்தக் குழாயில் புகுந்து இதயத்துக்குப் போனால், படுத்த இடத்திலேயே மரணம்.

குச்சி குத்தியதும் சாவு வருவது அரிது. பெரும்பாலும் மூன்றாம் நாள், ஐந்தாம் நாள். அந்த இடைவெளியில் ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தால் பிழைத்திருக்கக்கூடியவர்கள் அதிகம். போலீஸ் வரும், ஊர் பேசும் என்ற பயத்தில் வீட்டிலேயே கிடந்தார்கள். வந்த பிறகும் "தானாக் கலைஞ்சது" என்றே சொன்னார்கள். குச்சி வைத்த விஷயம் தெரியாத மருத்துவர், கருப்பையைச் சுத்தம் செய்துவிட்டு அனுப்பினார். குடலில் இருந்த ஓட்டை அங்கேயே இருந்தது. மருத்துவச்சியின் கை எவ்வளவு கொன்றதோ, அந்த மறைப்பும் அவ்வளவு கொன்றது.

பப்பாளி, அன்னாசி, எள்ளு?

சாப்பாட்டு அளவில் இவை கருவைக் கலைப்பதில்லை. நாட்கள் ஓடுவதுதான் இவற்றால் வரும் கேடு. ஆறாவது வாரத்தில் சுலபமாக முடிந்திருக்க வேண்டியது பன்னிரண்டாவது வாரத்துக்குத் தள்ளிப்போகும்.

110 ஆண்டு தடை இருந்ததே, கலைத்தவர்களைப் பிடித்தார்களா?

நடந்ததோடு ஒப்பிட்டால் வழக்கு மிகக் குறைவு. காரணம் எளிது. போனவளும் சம்மதித்தாள், செய்தவரும் பணம் வாங்கினார். புகார் கொடுக்க யாரும் இல்லை. கொடுத்தால் அவளும் குற்றவாளி. ஆகவே, பெண் இறந்தால்தான் விஷயம் காவல் நிலையத்துக்குப் போகும். அப்போது பதிவாவது 312 அல்ல, 314: கருவைக் கலைக்கச் செய்த செயலால் மரணம், 10 ஆண்டு வரை சிறை. அந்தச் செயல் உயிரைப் பறிக்கக்கூடியது என்று செய்தவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. சாட்சி பெரும்பாலும் இரண்டே: பிரேதப் பரிசோதனை, சாகும் பெண்ணின் மரண வாக்குமூலம். உயிர் ஊசலாடும் பெண்ணிடம் "யார் செய்தது" என்று கேட்டு எழுதிக்கொள்வதுதான் விசாரணையாக இருந்தது.

இதன் பலன் தலைகீழானது. ஆளைக் கொல்லாத கைகாரர் பல ஆண்டு தொழில் செய்தார், கைதானவர்கள் கைத்திறன் குறைந்தவர்கள்.

மற்ற நாடுகள் எப்படிச் சமாளித்தன?

நான்கு உதாரணம் போதும்.

பிரான்ஸ் கடுமையின் உச்சிக்கே போனது. ஜெர்மானிய ஆக்கிரமிப்புக் காலத்தில் 1942-ல் வந்த சட்டம் கருக்கலைப்பை நாட்டுக்கு எதிரான குற்றமாக்கியது. ஷெர்பூர்க் நகரைச் சேர்ந்த மரி-லூயி ஜிரோ என்ற சலவைக்காரப் பெண், 27 கருக்கலைப்புகளுக்காக 1943 ஜூலை 30-ல் கில்லட்டினில் தலை வெட்டப்பட்டார். கருக்கலைப்பு நிற்கவில்லை. 1975 ஜனவரியில், சுகாதார அமைச்சர் சிமோன் வேய் கொண்டுவந்த சட்டம் அதை அனுமதித்தது.

இங்கிலாந்தில் கதவைத் திறந்தவர் ஒரு மருத்துவர். படைவீரர்களால் வன்புணர்வுக்கு ஆளான 14 வயதுச் சிறுமிக்கு ஆலெக் போர்ன் 1938-ல் கருக்கலைப்பு செய்தார், தானே காவல்துறைக்கும் தெரிவித்தார். பெண்ணின் உடலும் மனமும் சிதையாமல் காப்பதும் உயிரைக் காப்பதில் அடங்கும் என்று நீதிபதி சொல்ல, ஜூரி அவரை விடுவித்தது. அங்கே கருக்கலைப்பை அனுமதித்த 1967 சட்டத்துக்கு அடித்தளம் இதுதான். இந்தியாவின் 1971 சட்டத்தில் வரும் 'மனநலத்துக்குக் கடும் கேடு' என்ற சொற்றொடரிலும் இந்தச் சிந்தனையின் சாயல் இருக்கிறது.

சிகாகோவில் 1969 முதல் 1973 வரை 'ஜேன்' என்ற பெயரில், மறைவாகக் கருக்கலைப்புக்கு ஏற்பாடு செய்யும் பெண்கள் குழு ஒன்று இயங்கியது. தொலைபேசியில் 'ஜேன்' வேண்டும் என்று கேட்டால் போதும். தாங்கள் பணம் கொடுத்து அமர்த்திய ஆள் மருத்துவரே அல்ல என்று ஒரு கட்டத்தில் அவர்களுக்குத் தெரியவந்தது. அவராலே முடிந்தால் நம்மாலும் முடியும் என்று அந்தப் பெண்களே கற்றுக்கொண்டார்கள். சுமார் 11,000 கருக்கலைப்புகள். 1972 மே மாதம் ஏழு பேர் கைதானார்கள். 1973 ஜனவரி 22-ல் கருக்கலைப்பை உரிமையாக ஏற்ற அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 'ரோ எதிர் வேட்' தீர்ப்பு வந்தபின் வழக்கு கைவிடப்பட்டது.

ருமேனியாதான் நெஞ்சைப் பிசையும் உதாரணம். மக்கள்தொகையைப் பெருக்க 1966-ல் அந்நாட்டின் ஆட்சித் தலைவர் சௌசெஸ்கு 770-ம் ஆணையால் கருக்கலைப்பைத் தடை செய்தார். 1989-ல் ஒரு லட்சம் பிரசவத்துக்குச் சுமார் 170 தாய்மார் இறந்தார்கள். பெரும்பகுதி கள்ளக் கருக்கலைப்பால். அந்த டிசம்பரில் ஆட்சி கவிழ்ந்ததும் முதலில் நீக்கியவற்றுள் அந்த ஆணையும் ஒன்று. மறு ஆண்டே மரணம் ஏறக்குறையப் பாதியானது. அதே நாடு, அதே ஆஸ்பத்திரிகள்.

1971 சட்டம் எப்படி வந்தது?

1964-ல் மத்திய அரசு ஒரு குழு அமைத்தது. தலைவர், மகாராஷ்டிர அமைச்சராக இருந்த சாந்திலால் ஷா. 1966 இறுதியில் வந்த அறிக்கை, 50 கோடி மக்களுள்ள நாட்டில் ஆண்டுக்கு 39 லட்சம் கருக்கலைப்புகள் செய்யப்படுவதாக மதிப்பிட்டது. தானாகக் கலைபவை இதில் சேராது. சட்டம் 1971 ஆகஸ்டில் நிறைவேறி, 1972 ஏப்ரல் 1-ல் நடைமுறைக்கு வந்தது. 12 வாரம் வரை ஒரு மருத்துவர், 20 வாரம் வரை இரண்டு மருத்துவர்கள் கருத்துத் தர வேண்டியிருந்தது. கருத்தடை தவறியதும் ஒரு காரணமாக ஏற்கப்பட்டது, ஆனால் திருமணமான பெண்ணுக்கு மட்டும்.

சட்டம் வந்தும் போலிகள் ஏன் போகவில்லை?

சட்டம் திறந்தது மருத்துவருக்கான கதவை. பெண்ணுக்கு அது உரிமையாக எழுதப்படவில்லை. மருத்துவர் நல்லெண்ணத்துடன் கருத்து உருவாக்கினால் அவர் குற்றவாளியல்ல, அவ்வளவுதான். கிராமத்துக்கு அருகே அப்படியொரு மருத்துவர் இல்லையென்றால் கதவு திறந்திருந்தும் பயனில்லை. தனியார் மருத்துவமனைக்கு அங்கீகாரம் கொடுக்கும் அதிகாரம் நீண்ட காலம் மாநில அரசிடம் குவிந்திருந்தது. 2002 திருத்தம்தான் அதை மாவட்டக் குழுவுக்கு இறக்கியது. தகுதியில்லாதவர் செய்தாலோ அங்கீகாரமில்லாத இடத்தில் நடந்தாலோ 2 முதல் 7 ஆண்டு கடுங்காவல் என்றதும் அதே திருத்தம். இடத்தின் உரிமையாளருக்கும் அதே தண்டனை.

இன்னொரு காரணம், தேவையில்லாத கேள்விகள். கணவர் எங்கே, கல்யாணம் ஆனதா, கோர்ட் உத்தரவு உண்டா? இவற்றைக் கேட்காதவரிடம் பெண்கள் போகிறார்கள். கேட்காதவர் போலி.

யார் செய்யலாம்? எந்த இடத்தில்?

மாநில மருத்துவப் பதிவேட்டில் பெயருள்ள அலோபதி மருத்துவர் மட்டும். எம்.பி.பி.எஸ். மட்டும் போதாது. மகப்பேறு மருத்துவத்தில் பட்டமேற்படிப்பு, அல்லது அத்துறையில் 6 மாத ஹவுஸ் சர்ஜன் பணி, அல்லது மருத்துவமனையில் அத்துறையில் ஓராண்டு அனுபவம் வேண்டும். 12 வாரம் வரை மட்டும் செய்யப்போகிறவர் என்றால், அங்கீகரிக்கப்பட்ட பயிற்சி மையத்தில் 25 கருக்கலைப்புகளில் உதவி, அவற்றில் 5-ஐயாவது தானே செய்திருந்தால் போதும். சித்தா, ஆயுர்வேத, ஹோமியோ மருத்துவரும் நர்ஸும் செய்தால் சட்டத்தின் கண்ணில் போலிதான்.

அரசு மருத்துவமனைக்குத் தனி அங்கீகாரம் வேண்டாம். தனியார் என்றால் மாவட்டக் குழு தந்த 'பி' படிவச் சான்றிதழ் வேண்டும், அது வருபவர் கண்ணில் படும்படி மாட்டியிருக்க வேண்டும். உள்ளே போனதும் சுவரைப் பாருங்கள். 12 வாரம் வரைக்கான இடத்திலேயே பரிசோதனை மேசை, கருவிகளைக் கிருமிநீக்கும் வசதி, அதிர்ச்சி நிலைக்கான மருந்தும் டிரிப்ஸும் இருந்தாக வேண்டும். அதற்கு மேல் என்றால் அறுவை அரங்கும் மயக்க மருந்து வசதியும் சேரும்.

பெண்ணின் உயிரைக் காக்க உடனே செய்தாக வேண்டும் என்றால் வாரக் கணக்கும், இரண்டாவது மருத்துவரும், இடத்துக்கான அங்கீகாரமும் தடையில்லை.

இப்போது எத்தனை வாரம் வரை?

2021 செப்டம்பர் 24 முதல், 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். 20-லிருந்து 24 வரை இரண்டு மருத்துவர்கள், அதுவும் சில நிலைகளில் உள்ளோருக்கு: வன்புணர்வுக்கு ஆளானவர், 18 வயதுக்குக் குறைந்தவர், கர்ப்பத்தின்போது கணவரை இழந்தவர் அல்லது மணமுறிவு பெற்றவர், மாற்றுத்திறனாளி, மனநோய் உள்ளவர், கருவில் குறை உள்ளவர், பேரிடர்ச் சூழலில் இருப்பவர். கருவில் கடுமையான குறை என்றால் 24-க்கு மேலும் மருத்துவ வாரியம் அனுமதிக்கலாம்.

கணக்கு கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து. உறவு கொண்ட நாளிலிருந்து எண்ணி ஏமாறுபவர்கள் உண்டு. இரண்டு வாரம் அப்படியே கைநழுவும்.

கணவர் கையெழுத்து? கல்யாணமாகாதவர்?

கணவர் கையெழுத்து வேண்டாம். 18 வயது நிரம்பிய பெண் 'சி' படிவத்தில் தான் ஒருத்தி கையெழுத்திட்டால் போதும். 18-க்குக் குறைந்தவருக்கும் மனநோய் உள்ளவருக்கும் மட்டும் பாதுகாவலர் கையெழுத்து.

2021 திருத்தம் 'கணவர்' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'இணையர்' என்றது. 2022 செப்டம்பர் 29-ல் உச்ச நீதிமன்றம், மணமாகாத பெண்ணுக்கும் 24 வாரம் வரையிலான உரிமை உண்டு என்றது. இந்தச் சட்டத்தின் நோக்கத்துக்கு, கணவர் செய்த வன்புணர்வும் வன்புணர்வே என்றது. குடும்பத்தின் சம்மதம், கூடுதல் ஆவணம், நீதிமன்ற அனுமதி என்று மருத்துவர்கள் கேட்பதற்குச் சட்ட ஆதாரம் இல்லை என்றும் கண்டித்தது. சிறுமி என்றால், குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தகவல் தர வேண்டும்தான், ஆனால் சிறுமியும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால் அவளது பெயரையும் அடையாளத்தையும் மருத்துவர் தவிர்க்கலாம்.

மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போட்டால்?

2002-ல் மிஃபெப்ரிஸ்டோன் இந்தியாவில் அனுமதி பெற்றது. மிசோப்ரோஸ்டாலுடன் சேர்த்து, 9 வாரம் வரை, மருத்துவர் சீட்டின் பேரில் தர வேண்டிய மருந்து. 2015-ல் நாட்டில் நடந்த 1.56 கோடி கருக்கலைப்புகளில் 73 சதவீதம் மருத்துவமனைக்கு வெளியே மாத்திரையால் நடந்தவை என்று ஓர் ஆய்வு கணக்கிட்டது. மற்ற முறைகளால் வெளியே நடந்தது 5 சதவீதம். குச்சியின் இடத்தை மாத்திரை பிடித்துக்கொண்டதால் எத்தனையோ உயிர் தப்பியது. ஆனால் கடைக்காரருக்குத் தெரியாத மூன்று விஷயங்கள் உண்டு. எத்தனை வாரம் என்பது ஒன்று. ரத்தசோகையோ ரத்தம் உறையாத கோளாறோ இருக்கிறதா என்பது இன்னொன்று. மூன்றாவது, கரு கருப்பைக்குள்தான் இருக்கிறதா என்பது. கருக்குழாயில் தங்கிய கருவை இந்த மாத்திரை கலைக்காது. ரத்தப்போக்கு வந்ததும் முடிந்தது என்று நினைத்திருக்கையில் குழாய் வெடிக்கும்.

ஏற்கெனவே போலியிடம் போயாயிற்று, அல்லது மாத்திரை போட்டாயிற்று. இப்போது?

ஒரு மணி நேரத்தில் இரண்டு பெரிய நாப்கின் முழுக்க நனைந்து, அது இரண்டு மணி நேரம் தொடர்ந்தால்; காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டி ஒரு நாளுக்கு மேல் நீடித்தால்; நாற்றமுள்ள கசிவு, மயக்கம், வயிறு இறுகுதல், தோள்பட்டையில் காரணமில்லா வலி என்று எது இருந்தாலும், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

மருத்துவரிடம் உள்ளதைச் சொல்லுங்கள்: என்ன வைத்தார்கள், எந்த மாத்திரை, எத்தனை, எந்த நாள். மாத்திரை அட்டை இருந்தால் கையோடு கொண்டுபோங்கள். சிகிச்சையே அந்தப் பதிலைப் பொறுத்தது. அரைகுறையாய் நின்ற கருவைச் சுத்தம் செய்வது மருத்துவருக்குக் குற்றமாகாது. உயிருக்கு ஆபத்தான நிலையில் வந்தவருக்குப் போலீஸ் நடைமுறைக்காகக் காத்திராமல் சிகிச்சை தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே பர்மானந்த் கட்டாரா வழக்கில் சொல்லிவிட்டது. அரசு மருத்துவமனையில் விசாரணை வரலாம், அது சிகிச்சைக்குப் பிறகுதான்.

ஸ்கேன் சென்டர் வழக்குகளும் இதுவும் ஒன்றா?

இல்லை. ஆணா பெண்ணா என்று பார்ப்பதைத் தடுப்பது 1994-ல் இயற்றப்பட்ட வேறு சட்டம். இரண்டையும் குழப்பிக்கொள்வதால் பல மருந்துக்கடைகள் மாத்திரையே வைப்பதில்லை, சில மருத்துவர்கள் முறையான கருக்கலைப்புக்கும் தயங்குகிறார்கள்.

பெயர் வெளியே வருமா? வேலைக்குப் போகிறவர் லீவு எப்படிக் கேட்பது?

மருத்துவமனை ஒரு சேர்க்கைப் பதிவேடு வைத்திருக்கும். பெயர் அதில் மட்டும்தான். கேஸ் ஷீட், அறுவை அரங்கப் பதிவேடு, பின்தொடர் அட்டை எதிலும் பெயர் எழுதக் கூடாது. பதிவேட்டின் வரிசை எண் மட்டும் இருக்கும். கையெழுத்திட்ட சம்மதப் படிவம் 'ரகசியம்' என்று குறித்த உறைக்குள் போய், உறையின் மேலும் அந்த எண்தான் இருக்கும். பதிவேடு 5 ஆண்டு வைக்கப்படும். சட்டப்படி அதிகாரம் உள்ளவர் தவிர யாரும் பார்க்க முடியாது. பெயரை வெளியிடும் மருத்துவருக்கு 2021 திருத்தத்தின்படி ஓராண்டு வரை சிறை.

மகப்பேறு நல விதிகள் பொருந்தும் இடத்தில் வேலை செய்பவருக்கு, கருக்கலைப்புக்குப் பின் 6 வாரம் சம்பளத்துடன் விடுப்பு உண்டு. அதற்கான சான்றிதழை மருத்துவரிடம் எழுதிக் கேட்டு வாங்கலாம். அதை வாங்கும் முதலாளி வேறு யாரிடமும் சொல்லக் கூடாது என்பதும் விதியிலேயே இருக்கிறது.